மஞ்சள் தடவிய எலுமிச்சம்பழம்

எங்கள் வீட்டில் எலுமிச்சம்பழம் களவு போய்க்கொண்டிருந்தது. பெரிய களவு ஒன்றுமில்லை, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஒரே ஒரு பழம். ஊறுகாய்க்கென்று அம்மா பறித்து வைத்த கூடையில் ஒன்று குறையும். அம்மா குரங்கைத் திட்டித் தீர்ப்பாள். குரங்கு எலுமிச்சம்பழத்தைத் தொடாது என்று சொன்னால், பெரிய வாத்தியாரு வந்துட்டாரு என்று எனக்கும் சேர்த்து விழும். நான் வாத்தியார்தான். ஐம்பதுகளின் நடுவில், அன்னவாசலுக்கு மேற்கே எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ஐந்தாறு மாசம்தான் ஆகியிருந்தது. ஒரு விஷயம் பிடிபடவில்லை என்றால் எனக்குச் சோறு இறங்காது.

ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் என் வீட்டுக்காரி குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சத்தமில்லாமல் பின்னாலேயே போனேன். எங்கள் ஊருக்குப் பின்னால் ஒரே கல்லாக ஒரு மலை. மலை என்றால் வடக்கே இருக்கிறவர்கள் சிரிப்பார்கள், எங்களுக்கு அது மலை. அதன் இடுப்பில் பாறை குழிந்து ஒரு சுனை. கோடையிலும் வற்றாது. அவள் சுனைக் கரையில் நின்று, மடியிலிருந்து பழத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றி, தண்ணீருக்குள் போட்டாள். அது ஒரு முங்கு முங்கி மேலே வந்து மிதந்தது.

என்ன இது என்று கேட்டேன். திருட்டுப் பிடிபட்டவள் போல அவள் நிற்கவே இல்லை. அவள் பிறந்த ஊர் நார்த்தாமலைப் பக்கம். அங்கேயும் மலை, அங்கேயும் சுனை. இங்கே போடும் பழம் பூமிக்கடியில் போய் அங்கே அவள் ஊர்ச் சுனையில் வந்து மிதக்குமாம். பழம் வந்தால் மகள் நன்றாக இருக்கிறாள் என்று அவள் ஆத்தா தெரிந்துகொள்வாளாம். அதே மாதிரி அங்கே ஆத்தா போடுவது இங்கே வரும், இதுவரை ஏழு பழம் வந்திருக்கிறது என்றாள். அந்த ஏழையும் வீட்டில் யாருக்கும் தெரியாமல் உப்புத் தொட்டுத் தின்றிருக்கிறாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே அது அடங்கிப் போனது, ஏனென்றால் இவள் இப்படிப் பழத்தை நம்பிக்கொண்டிருப்பதற்குக் காரணமே நான்தான். எங்கள் கல்யாணத்தில் சந்தனக் கிண்ணத்தை, பேலா என்போம், முதலில் பெண்ணின் தாய்மாமனிடம் நீட்ட வேண்டும். அது எங்கள் பக்கத்தில் வழிவழியாக வந்த முறை, பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். நான் பேலாவைத் தூக்கிக்கொண்டு நேரே எங்கள் ஹெட்மாஸ்டரிடம் போய்விட்டேன். அவர் டவுனிலிருந்து வந்திருந்தார், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார், எனக்கு இன்கிரிமென்ட் எழுத வேண்டியவர். புத்தி கெட்டுப் போய்விட்டது. தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். அவருக்காகப் பேசப் போன என் மாமனார், என் அப்பாவிடம் வார்த்தை தடித்து, சபையில் வைத்து, இனி உங்கள் வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். என் அப்பாவும் சளைத்தவரில்லை. தலைதீபாவளிக்கு அழைப்பில்லை. கடிதம் போட்டால் மாமனார் பிரிக்காமலே திருப்பி அனுப்புகிறார். மாமியாருக்கோ எழுத்துத் தெரியாது. அப்புறம் எலுமிச்சம்பழத்தை விட்டால் அவளுக்கு வேறு எது இருக்கிறது?

இருந்தாலும் நான் விடவில்லை. சுனை என்பது மழைத் தண்ணீர் தேங்கின பாறைக்குழி. அதுக்கு வழியும் கிடையாது, வாய்க்காலும் கிடையாது. இதைச் சொல்லிக் கையை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து தண்ணீரைக் காட்டினாள். விரல் நீளத்தில் நாலைந்து மீன் ஓடிக்கொண்டிருந்தது. "இத்தனை ஒசரத்துல இந்த மீனு எந்த வழியா வந்துச்சு? அதே வழியா பழம் போகாதாக்கும்?" என்றாள். டிரெய்னிங் ஸ்கூலில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

அடுத்த வாரம் நானே ஒரு பழத்தை எடுத்து, காம்பஸ் முள்ளால் தோலில் ஒரு முக்கோணம் கீறி, அவளுக்குத் தெரியாமல் சுனையில் போட்டேன். மறுநாள் பார்த்தால் பழம் இல்லை. கரையில் இல்லை, பாறை இடுக்கில் இல்லை, நீண்ட கம்பை விட்டுக் கலக்கிப் பார்த்தேன், அடியிலும் இல்லை. மறுபடி போட்டேன், மறுபடியும் போனது. பழம் எங்கே போகிறது? வகுப்பில் கரும்பலகையில் பூவின் பாகங்களை எழுதிக்கொண்டிருக்கும்போது கூட எனக்கு அதே யோசனைதான். அவளிடம் மட்டும் மூச்சு விடவில்லை. விட்டால் ஜெயித்துவிடுவாளே.

இப்படியே அடுத்த ஆவணி வந்தது. அவளுக்கு இரண்டு மாசம் தள்ளிப் போயிருந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை பழத்தின் மேல் மஞ்சளை அரைத்து அப்பிக்கொண்டு போய்ப் போட்டாள். வெறும் பழம் என்றால் சௌக்கியம், மஞ்சள் பழம் என்றால் முழுகாமல் இருக்கிறேன் என்று அர்த்தம், ஆத்தாவும் மகளும் பேசி வைத்துக்கொண்டது. புரட்டாசிக் கடைசியில் அது கலைந்துவிட்டது. அவள் நாலு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் அம்மாதான் கஞ்சி வைத்து ஊட்டினாள், அன்றிலிருந்து கூடையில் குறையும் பழத்தைப் பற்றி அவளும் வாயைத் திறக்கவில்லை.

தை பிறந்து நாலாம் நாள் அவள் என்னை மாட்டுக் கொட்டகைப் பக்கம் கூப்பிட்டாள். முகம் வெளுத்திருந்தது. இப்போது கணக்குப்படி ஏழாம் மாசம். மஞ்சள் பழம் ஆத்தா கைக்குக் கிடைத்திருந்தால், அங்கே மாசத்தை எண்ணிக்கொண்டிருப்பாள். வளைகாப்புக்கு வளையல் வாங்குவார்கள், அப்பாவின் காலில் கையில் விழுந்து சம்மதம் வாங்குவாள். அப்பாவும் சபையில் சொன்ன சொல்லை முழுங்கிவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு நம் வாசலில் வந்து நிற்பார். நின்றால் இங்கே என்ன இருக்கிறது? கலைந்துபோனதற்கு ஒரு அடையாளம் பேசி வைக்காமல் போய்விட்டோமே என்று சொல்லி அழுதாள். அதை எப்படிப் பேசி வைப்பார்கள்?

"நீங்க சொன்னதுதான் நெசமா இருக்கணும்ங்க. பழம் அங்க போயிருக்கக் கூடாது," என்றாள்.

கல்யாணமான இத்தனை நாளில் முதல் தடவையாக அவள் என் கட்சிக்கு வந்திருந்தாள். எனக்கு அதில் ஒரு சொட்டு சந்தோஷம் வரவில்லை. ஏனென்றால் அந்த முக்கோணம் கீறின பழங்கள் எங்கே போயின என்று எனக்கே தெரியாது.

நேரில் போய்விடுவதுதான் வழி. பஸ்ஸில் போக முடியாது. புதுக்கோட்டை போய் வண்டி மாற வேண்டும், ரெண்டு பஸ்ஸிலும் பாதிப்பேர் எங்கள் சொந்தக்காரர்கள், நாங்கள் இறங்குவதற்கு முன்னால் சேதி என் அப்பா காதுக்கு வந்துவிடும். நடந்தே போகலாம் என்றாள் அவள். குறுக்கே போனால் பதினைந்து பதினாறு மைல். போகிற வழியில் இருக்கிற சுனைகளையும் பார்த்துக்கொண்டே போகலாம், பழம் நடுவில் எங்கேயாவது சிக்கிக் கிடந்தாலும் கிடக்கும் என்றாள். நான் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. எனக்கும் பார்க்க வேண்டும் போலத்தான் இருந்தது.

தை வெள்ளிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். சித்தன்னவாசல் குகையில் சித்திரம் பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் சொன்னோம். பாறையைப் பார்க்கப் பாறையிலிருந்து கிளம்பிப் போறீங்களா என்று அம்மா கேட்டாள். புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள்.

கருக்கலில் கிளம்பினோம். முதலில் எங்கள் சுனை. அவள் ஒரு வெறும் பழத்தைப் போட்டாள், நான் மணியைப் பார்த்துக்கொண்டேன். ஊர் எல்லை வரைக்கும் எனக்கு நாலடி பின்னால் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். எல்லைக் கருப்பர் கோயிலைத் தாண்டியதும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் போனாள் பாருங்கள், அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. அவள் வெறுங்காலில் நடந்தாள். நான் புதுச்செருப்பு போட்டிருந்தேன். ரெண்டாவது மைலில் குதிகாலில் தோல் உரிந்துவிட்டது. கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள எனக்கு வெட்கம், வாத்தியார் இல்லையா. அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, அந்தச் செருப்பைக் கொஞ்சம் இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்.

செம்மண் பொட்டல், நடுவில் நடுவில் பனை, அறுப்பு முடிந்த வயல், பனி இறங்கின கண்மாய்க் கரை. அன்னவாசல் கடைத்தெருவை ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு, சித்தன்னவாசல் மலைக்குப் போகும்போது வெயில் ஏறிவிட்டது. சொன்ன பொய் உண்மையாகட்டும் என்று குகைக்குள் தலையை நீட்டிச் சித்திரத்தையும் பார்த்தோம். மேலே விதானத்தில் தாமரைக் குளம் வரைந்திருந்தார்கள். தாமரைக்கு நடுவில் மீன், வாத்து, மாடு. இங்கேயும் தண்ணிதானா என்றாள் அவள். பாறைக்கு உள்ளே உட்கார்ந்து எதற்குக் குளத்தை வரைந்தார்கள் என்று காவல்காரரைக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் இன்றுவரை தெரியவில்லை.

அந்த மலையின் இன்னொரு பக்கத்தில் சுனை. தண்ணீருக்குள் ஒரு சின்னக் குகைக் கோயில் முங்கிக் கிடக்கிறது, இறைத்தால் லிங்கம் தெரியும் என்று காவல்காரர் சொல்லியிருந்தார். நான் பாறையில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கறுப்பாக, அசையாமல் இருந்தது. பையிலிருந்த நூல்கண்டில் கல்லைக் கட்டி இறக்கினேன். நூல் போய்க்கொண்டே இருந்தது. ரெண்டு ஆள் மட்டம் போனதும் கல் எதிலோ தட்டி, அங்கிருந்து பக்கவாட்டில் நழுவி மறுபடி இறங்கியது. பக்கவாட்டில் எங்கே போகிறது? உள்ளே குகை இருந்தால் அதற்கு உள்ளே இன்னொன்று இருக்காதா என்ன. நான் இத்தனை நாள் கையை ஆட்டி ஆட்டிப் பேசினதெல்லாம் நினைவு வந்தது.

"என்னங்க, வழி இருக்கா?" என்று மேலேயிருந்து கேட்டாள்.

இல்லை, வெறும் குழி என்றேன். கல்யாணமான பிறகு நான் அவளிடம் சொன்ன முதல் பெரிய பொய் அது. அவள் மூச்சை விட்டாள். அந்தச் சுனையில் பழம் எதுவும் இல்லை. ஒரு நாவல் சருகும் ஒரு தவளையும்தான் கிடந்தன.

மத்தியானம் ஒரு கண்மாய்க் கரையில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றோம். கொக்கு மேய்ந்துகொண்டிருந்தது. அவள் ரெண்டு வாய்தான் தின்றாள். மீதி எல்லாம் என் பக்கம் தள்ளினாள். அவள் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அவர் சொன்ன சொல்லை மாற்றிய ஆளே இல்லை. ஒரு தடவை இனிமேல் காப்பி குடிக்க மாட்டேன் என்று ஏதோ கோபத்தில் சொல்லிவிட்டு, ஒன்பது வருஷமாகக் குடிக்கவில்லை. வாசனை வந்தால் எழுந்து வெளியே போய்விடுவாராம். அந்த மனுசன் பேரப்பிள்ளைக்கென்று ஒரே ஒரு தடவை இறங்கி வந்து, அதுவும் வெறும் வாசலில் முடிந்தால், அப்புறம் இந்த ஜென்மத்தில் தன் முகத்தில் முழிக்க மாட்டார் என்றாள். எல்லாம் ஒரு பேலாச் சந்தனத்தால் வந்தது.

அதற்கு அப்புறம் பேர் தெரியாத ரெண்டு குன்று. ஒன்றின் தலையில் சின்னதாக ஒரு சுனை, ஆடு குடிக்கிற தண்ணீர். இன்னொன்றில் அல்லி பூத்திருந்தது. ரெண்டிலும் மீன் இருந்தது. ரெண்டு இடத்திலும் நான் மீனைத்தான் பார்த்தேன், அவள் பழத்தைத்தான் தேடினாள். ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று ஒவ்வொரு சுனையிலும் அவள் நடையில் தெம்பு கூடிக்கொண்டே வந்தது. கடைசி மூன்று மைலை அவள் கிட்டத்தட்ட ஓடினாள். நான் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நொண்டினேன், வாத்தியாராவது ஒன்றாவது.

நார்த்தாமலைப் பக்கத்தில் அவள் ஊர் மலையடிக்கு வந்தபோது மணி மூன்றரை. ஊருக்குள் போகாமல் பின்பக்கமாக ஏறினோம். வெயில் தாழ்ந்திருந்தாலும் பாறை கொதித்தது. மேலே போனால் எங்கள் சுனையைப் போல ரெண்டு மடங்குச் சுனை. அவள் கரையில் போய் நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தண்ணீரில் எலுமிச்சம்பழம் மிதந்துகொண்டிருந்தது. ஒன்றிரண்டு இல்லை. எண்ணினேன், பதினொன்று. அதில் மூன்றில் மஞ்சள் அப்பியிருந்தது.

மண்டியிட்டு, கம்பை விட்டு ஒவ்வொன்றாகக் கரைக்கு இழுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முக்கோணம் எதிலும் இல்லை. எல்லாம் அன்றைக்குப் பறித்த பழம் மாதிரி காம்போடு பச்சையாக இருந்தன. மஞ்சள் கையில் ஒட்டியது. பதினாறு மைல் தண்ணீருக்குள் வந்த மஞ்சள் எப்படிக் கையில் ஒட்டும்? அவள் எதையும் கேட்கவில்லை. பாறையில் உட்கார்ந்து, வந்துருச்சு, வந்துருச்சு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது ஒரு பெண் ஏறி வந்தாள். இருபது வயசு இருக்கும், நிறைமாசம், மூச்சு வாங்கியது. மடியிலிருந்து மஞ்சள் தடவின பழம் ஒன்றை எடுத்துக் கண்ணில் ஒற்றித் தண்ணீரில் போட்டாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பெண். மேலத்தெருவிலிருந்து போன வருஷம்தான் இங்கே கட்டிக் கொடுத்தார்கள். ரெண்டு ஊருக்கும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது காலங்காலமாக இருக்கிறது. அங்கே பிறந்தவர்கள் இங்கே வாழ்கிறார்கள், இங்கே பிறந்தவர்கள் அங்கே.

பிடிபட்டுவிட்டது. அப்படியே பளிச்சென்று. இங்கே வாழ வந்தவர்கள் தங்கள் ஆத்தாவுக்கு அனுப்புகிற பழத்தை, இந்த ஊர் ஆத்தாக்கள் தங்கள் மகள் அனுப்பினது என்று எடுத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே எங்கள் சுனையில் என் வீட்டுக்காரி போட்ட பழத்தை இந்தப் பெண்ணின் ஆத்தா எடுத்துக்கொண்டு போகிறாள். என் முக்கோணத்தையும் யாராவது மடியில் கட்டிக்கொண்டு போயிருப்பார்கள், கீறலைப் பார்த்து மகளுக்கு என்ன ஆச்சோ என்று பதறினார்களோ என்னவோ. ஒவ்வொருத்தியும் இது தனக்கும் தன் ஆத்தாவுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு பழமும் எங்கேயும் போகவில்லை. நான் சொன்னதுதான் சரி. ஒரு வருஷத்துக்கு மேல் என்னைப் பிடித்து ஆட்டிய சங்கதி, வாயைத் திறந்து சொல்லிவிடப் போனேன். என் வீட்டுக்காரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கும் பிடிபட்டிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"அக்கா, எங்க ஆத்தா நல்லாருக்கா? பழமெல்லாம் அங்கிட்டு வருதா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"வருது புள்ள. வாராவாரம் எடுத்துக்கிட்டுத்தான் போறாக," என்றாள் என் வீட்டுக்காரி. அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

நான் ஜெயித்தும் பிரயோஜனமில்லை. எங்கள் மஞ்சள் பழம் வராவிட்டால் என்ன, யாருடைய மஞ்சள் பழமோ என் மாமியார் கையில் ஆவணியிலேயே கிடைத்திருக்கும். கிடைக்காமல் இருக்க வழியே இல்லை. நாங்கள் அதைப் பேசி முடிப்பதற்குள் மாமியாரே ஏறி வந்தாள், கையில் ஒரு பழத்தோடு.

மகளைப் பார்த்ததும் பழத்தைக் கீழே போட்டாள். ஓடி வந்தவள் ரெண்டடி தள்ளி நின்றுவிட்டாள். அவள் கண் நேரே மகளின் வயிற்றுக்குத்தான் போனது. பதினாறு மைல் நடந்து வந்து, இடுப்பில் இழுத்துச் செருகின சேலையோடு நின்றவளுக்கு மறைக்க ஒன்றும் இருக்கவில்லை.

"தங்கல ஆத்தா," என்றாள் அவள்.

மாமியார் மகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். ரெண்டு பேரும் அழுதார்கள். நான் கொஞ்சம் தள்ளிப் போய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கும் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது, அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம். அந்தப் பிள்ளை போனதற்கு நான் அழுதது அன்றைக்குத்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் மெள்ளக் கேட்டாள், அப்பாவிடம் சொல்லிவிட்டாயா என்று. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காலையில மொத பஸ்ஸுக்கே ஒங்க ஊருக்குக் கெளம்பிப் போயிட்டாகடி. வளையலெல்லாம் எடுத்துக்கிட்டு."

நாங்கள் பொட்டலில் நடந்துகொண்டிருந்த நேரத்தில் அவர் தார் ரோட்டில் போயிருக்கிறார். நாள் குறிக்க முதலில் நான் போய் வருகிறேன், படியை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவன் நான், அதனால் நான்தான் முதலில் மிதிக்க வேண்டும், பேரப்பிள்ளைக்கு முன்னால் என் வீம்பு என்ன பெரிய வீம்பு என்று சொல்லிவிட்டுப் போனாராம். அறந்தாங்கிக்குப் போயிருந்த இடத்தில் ரெண்டு மாசத்துக்கு முன்னாலேயே வளையலைப் பார்த்துப் பார்த்து வாங்கி வைத்திருந்தாராம். என் வீட்டுக்காரி காதைப் பொத்திக்கொண்டாள். எதற்காக அவள் பதினாறு மைல் ஓடி வந்தாளோ அது காலையிலேயே நடந்து முடிந்திருந்தது.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள் மாமியார். அழைப்பில்லாத வீட்டில் நான் எங்கே உட்காருவது என்று தெரியாமல் வாசற்படிக்குப் பக்கத்தில் கிடந்த உரலில் உட்கார்ந்தேன். குதிகால் எரிந்தது. மாமியார் விளக்கெண்ணெய் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அங்கே எங்கள் வீட்டில் இந்நேரம் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் அப்பா வாசலிலேயே வைத்துப் பேசியிருப்பாரா? அம்மா உண்மையை எப்படிச் சொல்லியிருப்பாள்? மனுசன் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு எப்படித் திரும்பி நடந்திருப்பார்? அவர் வந்ததும் காலில் விழுந்துவிடுவது என்று முடிவு செய்தேன். சந்தனம் நீட்டத் தெரியாத கை அதையாவது செய்யட்டும்.

பொழுது சாய்கிற நேரம், மெயின் ரோட்டில் இறங்கி நடந்து வந்தார். தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. பை காலையில் எப்படிப் போயிருக்குமோ அப்படியே புடைத்திருந்தது. உரலில் என்னைப் பார்த்ததும் நின்றார். நான் எழுந்து குனியப் போனேன். குதிகாலைப் பார்த்துவிட்டு, உட்காருங்க மாப்ளை, காலெல்லாம் ரத்தமா இருக்கு என்றார். அவர் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எங்கள் வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை, பஸ் வருகிற வரைக்கும் என் அப்பா கூடவே நின்றார் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு அவர் அதையெல்லாம் சொல்லவில்லை.

சத்தம் கேட்டு அவள் நிலைப்படிக்கு வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் பையைத்தான் பார்த்தாள்.

"ஒங்களை வீணா அலைய விட்டுட்டேன்ப்பா. சொன்ன சொல்லையும் விட வச்சுட்டேன். அந்த வளையலை யாருக்காவது கொடுத்துருங்க," என்றாள்.

அவர் பையைத் திறந்து, வைக்கோல் சுற்றி அடுக்கியிருந்த கண்ணாடி வளையல்களை வெளியே எடுத்தார். பச்சையும் சிவப்புமாக இருந்தன. ஆண்கள் வளையல் போட்டுவிடுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது, அவருக்கு அது நினைவிருந்த மாதிரி தெரியவில்லை.

"வளையலு புள்ளைக்கா வாங்குனேன்? ஒனக்குல்ல வாங்குனேன். கையை நீட்டு."

அவள் நீட்டினாள். அவர் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். பழைய அளவுக்கு வாங்கினது, கை மெலிந்திருந்ததால் எல்லாம் முழங்கை வரைக்கும் ஓடி ஓடித் திரும்பி வந்தன. அதைப் பார்த்ததும்தான் அந்த மனுசன் அழுதார்.